பச்சிளம் குழந்தைக்குக் கிருமி எங்கிருந்து வருகிறது?

"பாப்பாவுக்கு ரத்தத்துல கிருமி இருக்குன்னு சொல்றாங்க."

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் குடும்பத்துக்குள் ஒரு விசாரணை தொடங்கும். மாசமாக இருந்தபோது அவள் எதைச் சாப்பிட்டாள், எந்த விசேஷத்துக்குப் போனாள், கையைக் கழுவாமல் குழந்தையைத் தொட்டது யார்? சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அது பெற்றவளிடம்தான் நிற்கும். தையல் இன்னும் ஆறாத அவள், ஏற்கெனவே தன் உடம்புதான் குழந்தையை முழுசாகச் சுமக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டிருப்பாள். அதன்மேல் இதுவும் ஏறும்.

அந்த விசாரணை பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது. தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளைத் தாக்கும் கிருமிகளில் பெரும் பங்கு வீட்டிலிருந்து வருவதில்லை. அவை மருத்துவமனையில் குடியிருப்பவை. குழாயிலும் கையிலும் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் டியூபிலும் வாழ்ந்து, ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போகின்றன. வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்படித் தொற்று ஏற்படும் விகிதம், பணக்கார நாடுகளில் உள்ளதைவிட 3 முதல் 20 மடங்கு அதிகம் என்று பாகிஸ்தானின் குழந்தைகள் மருத்துவர் அனிதா ஜைதியும் அவருடைய குழுவினரும் 2005இல் தொகுத்துச் சொன்னார்கள். வீட்டில் பிறந்தால் ஆபத்து என்று கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அழைத்து வந்த நாடுகள், அழைத்து வந்த இடத்தைப் போதுமான அளவு பாதுகாப்பாக வைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

முதலில் அந்தக் குழந்தையின் நிலையைப் பார்ப்போம். தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சீதனத்தில் பெரும் பங்கு வந்து சேர்ந்திருக்காது. அதன் தோல், ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்கும்போது கூடவே உரிந்து வந்துவிடும் அளவுக்கு மெல்லியது. நமக்குத் தோல் ஒரு கோட்டைச் சுவர் என்றால் அந்தக் குழந்தைக்கு அது நனைந்த காகிதம். குடலிலும் தோலிலும் நமக்குக் காவலாக நிற்கும் நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறியிருக்காது. முதலில் யார் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். தாயிடமே இருந்தால் தாயின் தோலில் உள்ளவை வரும். பிறந்த உடனே பிரித்து, சூடு தரும் தொட்டிலான வார்மருக்குக் கொண்டுபோனால் அந்த வார்டில் உள்ளவை வரும்.

இந்த நிலையில் அந்த உடம்பில் நாம் வழிகளைத் திறக்கிறோம். தொப்புள் நாளத்தில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய், கையில் டிரிப்ஸ் ஏற்றும் கேனுலா, மூச்சுக்குழலில் ஒரு டியூப், வயிற்றுக்கு இன்னொன்று. எல்லாமே உயிர் காக்கத் தேவையானவை. ஆனால் ஒவ்வொன்றும் வெளியுலகத்திலிருந்து ரத்தத்துக்கு நேராகப் போகும் பாதை. எத்தனை நாள் அந்தக் குழாய், அதாவது லைன், உள்ளே இருக்கிறதோ, எத்தனை தடவை அதைத் திறந்து மருந்து போடுகிறார்களோ, அத்தனைக்கு ஆபத்து கூடும். நல்ல பிரிவுகளில் காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்வி, "இந்த லைன் இன்னைக்கும் வேணுமா?" என்பதுதான்.

கிருமி ரத்தத்தில் பரவி உடம்பு முழுவதையும் தாக்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். மருத்துவப் புத்தகங்கள் பச்சிளம் குழந்தைகளின் செப்சிஸை இரண்டாகப் பிரிக்கும். பிறந்து 72 மணி நேரத்துக்குள் வருவது ஒன்று, அதற்குப் பிறகு வருவது மற்றொன்று. முதல் வகை பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது, இரண்டாவது மருத்துவமனையிலிருந்து வருவது என்று கொள்வது வழக்கம். மேற்கு நாடுகளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அங்கே முதல் மூன்று நாள் நோயில் முன்னால் நிற்பவற்றில் ஒன்று, தாயின் பிறப்புறுப்புப் பாதையில் வாழும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

டெல்லியில் அந்தக் கணக்கு உடைந்தது. 2011 முதல் 2014 வரை அங்கே மூன்று பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைக்குச் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நூற்றில் 14 குழந்தைகளுக்குச் செப்சிஸ். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தது. அப்படியானால் தாயிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்? ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வளர்ந்த கிருமிகள் வேறு கதை சொல்லின. முதலிடம் அசினடோபாக்டர், அடுத்து கிளெப்சியெல்லா, அதன்பின் ஈ.கோலை. மேற்கில் முன்னால் நிற்கும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிக அரிதாகவே இருந்தது. அசினடோபாக்டர் ஈரமும் இரும்பும் பிளாஸ்டிக்கும் உள்ள மருத்துவமனைச் சூழலில் தழைக்கும் கிருமி. கிடைத்த அசினடோபாக்டரில் நூற்றுக்கு 82 பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. மூன்று நாள் முடிவதற்குள் வந்த நோயிலும், பிறகு வந்த நோயிலும் ஏறக்குறைய இதே கிருமிகள்தான்.

பிறந்து ஒரு நாள்கூட முடியாத குழந்தைக்கு மருத்துவமனைக் கிருமி எப்படி வந்தது? பிரசவ அறையை யோசித்துப் பாருங்கள். வலி வந்த பெண்ணுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் உள்பரிசோதனைகள். முந்தைய குழந்தைக்குப் பயன்படுத்தி அவசரத்தில் அலசிவைத்த, மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக். தண்ணீர் மாற்றாத ஆக்ஸிஜன் பாட்டில். பிறந்த முதல் நிமிடத்தில் அதன் வாயில் போன சக்‌ஷன் டியூப். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வரும்முன்பே மருத்துவமனை அதற்குள் போய்விடுகிறது. கல்ச்சரில் ரத்தக் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த ஆய்வில் இறந்துபோனார்கள். இந்த எண்ணை எழுதிவிட்டு உடனே அடுத்த பத்திக்குப் போக மனம் வரவில்லை.

பணக்கார நாடுகளும் இதிலிருந்து தப்பிவிடவில்லை. அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1997, 98ஆம் ஆண்டுகளில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 15 மாத காலத்தில் சேர்ந்த 439 குழந்தைகளில் 46 பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி தொற்றியது. 16 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனவர்கள் இரண்டு நர்ஸ்களின் கைகளில் வந்து நின்றார்கள். ஒருவர் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார், இன்னொருவர் நீண்ட செயற்கை நகம் ஒட்டியிருந்தார். கை கழுவினாலும் நீண்ட நகத்தின் அடியில் கிருமி தங்கிவிடும். அவர்கள் அக்கறையற்றவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நகத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் செயற்கை நகத்தின் இடத்தில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய சிவப்புக் கயிறு ஆகியவற்றை வைத்துப் பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்ற விதி அதனால்தான். அது டாக்டருக்கும் உண்டு, பார்க்க வரும் தாத்தாவுக்கும் உண்டு.

அயர்லாந்துத் தீவின் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையில் 2012 ஜனவரியில் மூன்று குழந்தைகள் சூடோமோனாஸால் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அதே வட அயர்லாந்தின் ஆல்ட்னகெல்வின் மருத்துவமனையில் ஒரு குழந்தை. கிருமி இருந்த இடம் கை கழுவும் குழாய். தண்ணீர் சிதறாமல் நேராக விழுவதற்காகக் குழாயின் வாயில் பொருத்தியிருந்த சிறிய பாகத்தில், வழவழப்பான ஒரு படலமாக அது ஒட்டி வளர்ந்திருந்தது. எந்தக் குழாயில் கை சுத்தமாகும் என்று நம்பினார்களோ அந்தக் குழாயே கிருமியைக் கொடுத்தது. அதன்பின் குழாய்களை மாற்றினார்கள். குழந்தையைத் துடைக்கக் கிருமி நீக்கிய நீரை மட்டுமே பயன்படுத்தச் சொன்னார்கள். இதைப் படித்த பிறகு எந்த ஆஸ்பத்திரியின் வாஷ் பேசினையும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

டிரிப்ஸ் பாட்டிலும் ஒரு வழி. குளுக்கோஸ் நீரில் கிளெப்சியெல்லா வகைக் கிருமிகள் அறை வெப்பத்திலேயே சுகமாகப் பெருகும், தண்ணீர் கலங்கிக்கூடத் தெரியாது. மருந்து மிச்சமாக வேண்டும் என்று ஒரே பாட்டிலிலிருந்து பல குழந்தைகளுக்கு எடுத்துப் போடும் பழக்கம் உள்ள இடங்களில் ஒரு தவறு பல தொட்டில்களுக்குப் போகும். பால் பவுடரிலும் இதே ஆபத்து உண்டு. டப்பாவில் வரும் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருக்கக்கூடும் என்பதால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. தாய்ப்பால் கிடைக்காத குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வேறு தாய்மாரின் பாலைப் பதப்படுத்திக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கியின் அருமை இங்கேதான் விளங்கும். இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ்.

நம் வீட்டுப் பாலாடைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பாட்டிமார் மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணத்தில் பால் புகட்டுவார்கள். இன்று பல இந்திய மருத்துவமனைகளில் குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப் பயன்படுவது அதுதான், பெயரும் அதே பெயர்தான். புட்டியின் ரப்பர் காம்பில் இருக்கும் இடுக்கு அதில் இல்லை. திறந்த கிண்ணம், கொதிக்கவைத்தால் சுத்தம். கொதிக்கவைக்காமல் வெறுமனே அலசிக் கொடுத்தால் அதுவும் ஒரு கிருமி வழிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனை வழிகளைச் சொன்னாலும், இவற்றுக்கு எல்லாம் கதவைத் திறந்துவிடுவது ஒன்றுதான்: கூட்டம். 1982இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு பச்சிளம் குழந்தைகள் பிரிவில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய ஸ்டெபிலோகாக்கஸ் தொற்றை ஆராய்ந்தது. ஒரு நர்ஸுக்கு 7 குழந்தைகளுக்கு மேல் போனபோது ஒரே நேரத்தில் பல குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படும் ஆபத்து 16 மடங்கு ஆனது. அதைப் படித்துவிட்டு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நர்ஸிடம் எட்டுக் குழந்தைகள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு குழந்தையையும் மூன்று முறை தொட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கிருமிநாசினியால் கை தேய்க்கும் ஹேண்ட் ரப், தடவைக்கு அரை நிமிடம். மொத்தம் 24 நிமிடம் ஆகிறது. மணிக்கு 24 நிமிடம் கை தேய்ப்பதற்கே போனால், மருந்து எப்போது போடுவார், பால் எப்போது கொடுப்பார், மூச்சு நின்ற குழந்தையிடம் எப்போது ஓடுவார்? அப்படி ஓடும்போது கை தேய்த்துவிட்டு ஓடுவாரா? சுவரில் ஒட்டிய "கைகளைக் கழுவுங்கள்" சுவரொட்டி இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லாது. தொற்று வந்ததும் முதலில் மெமோ வாங்குவது அந்த நர்ஸ்தான். பணியிடங்களை நிரப்பாமல் விட்டவர்கள் அந்த வார்டுக்குள் வருவதே இல்லை.

2003இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் தொடங்கிய மாவட்ட அளவிலான பச்சிளம் குழந்தைப் பிரிவுகள் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கின்றன. பல லட்சம் குழந்தைகளை அவை காப்பாற்றியிருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதற்கும் ஆயிரம் பிறப்புக்கு 20 என்றிருந்த பச்சிளம் குழந்தை இறப்பு, தமிழ்நாட்டில் 9. ஆனால் ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்கும் காட்சி இன்னும் பல மாநிலங்களில் மறையவில்லை. அந்த இரு குழந்தைகளுக்கும் ஒரே கிருமிதான்.

இனி மருந்துக்கு வருவோம். நோயைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பெரியவர்களைப் போலக் காய்ச்சல் கொதிக்காது, சில சமயம் உடம்பு சில்லிட்டுப் போகும். பால் செரிக்காது. நிறம் மங்கும். மூச்சு சில நொடி நிற்கும். அனுபவமுள்ள நர்ஸ், "டாக்டர், இந்த பாப்பா இன்னைக்கு டல்லா இருக்கு" என்பார். அந்தச் சொல்லை அலட்சியம் செய்யாத மருத்துவர்கள் பல உயிர்களைக் காத்திருக்கிறார்கள். கல்ச்சருக்கு ஒரு மில்லி ரத்தமாவது எடுக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் ரத்தம் மொத்தமே 80, 90 மில்லிதான். முடிவு வர ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் சந்தேகத்தின்பேரிலேயே ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். தொடங்கியது சரி. இரண்டு நாளில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் நிறுத்த வேண்டும். அந்தத் தைரியம்தான் பல இடங்களில் வருவதில்லை.

அதன் விலை என்ன? ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் முதலில் கொடுக்க வேண்டியவை என்று புத்தகம் சொல்லும். நம் வார்டுக் கிருமிகள் பலவற்றிடம் அந்த ஜோடி எடுபடுவதில்லை. அடுத்து மெரோபெனம். அதுவும் எடுபடாவிட்டால் கொலிஸ்டின். அதற்கப்பால் கையில் பெரிதாக எதுவும் இல்லை. மெரோபெனம் போன்ற மருந்துகளைச் செயலிழக்கவைக்கும் என்.டி.எம்-1 மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்று உலகை உலுக்கிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது கிடைத்தது. பெயரில் புதுடெல்லி இருப்பதால் நாட்டின் மானம் போய்விட்டது என்று அன்று பெரிய சர்ச்சை எழுந்தது. பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தக் கிருமியைப் பற்றிப் பேசியிருக்கலாம். மருந்துக்குக் கட்டுப்படாத செப்சிஸால் இந்தியாவில் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பழைய மருந்துகளைப் புதிய ஜோடிகளாகச் சேர்த்துப் பார்க்கும் நியோசெப்-1 என்ற பெரிய பரிசோதனை 2024இல் தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் தொடங்கியிருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது வாசலுக்கு வெளியே நிற்கும் அந்தத் தாய்தான்.

அரசு மருத்துவமனை வராந்தாக்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பால் பீச்சிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வராந்தாவுக்குத் திரும்ப வேண்டும். ஏனென்று கேட்டால், "இன்ஃபெக்‌ஷன் வந்துடும்மா." நூறு ஆண்டுகளாக உலகெங்கும் சொல்லப்பட்ட காரணம் அது. உண்மையா என்று 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சோதித்துப் பார்த்தார்கள். கை கழுவக் கற்றுக்கொடுத்துத் தாய்மாரைக் குறைப்பிரசவ வார்டுக்குள் விட்டார்கள். தொற்று கூடவில்லை. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் பச்சை கவுனுக்கும் இதே கதிதான். அதனால் தொற்று குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2003இல் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கவுனை மாட்டியதும் கை சுத்தமாகிவிட்டதைப் போல ஒரு நினைப்பு வருவதுதான் மிச்சம்.

1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவருக்கு இன்குபேட்டர் பற்றாக்குறை, ஒரே பெட்டியில் பல குழந்தைகள், தொற்று, இறப்பு எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவிட்டார். கங்காரு பராமரிப்பு என்று நாம் இன்று சொல்வது, தொற்றுக்கு ஒரு விடையாகவும் பிறந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டோம். அடுத்த ஆண்டே எஸ்டோனியாவின் டாலின் நகரில் ஆடிக் லெவின் என்ற மருத்துவர், நர்ஸ்கள் போதாமல் தவித்து, தாய்மாரை 24 மணி நேரமும் வார்டிலேயே தங்கவைத்தார். துணி மாற்றுவது, பால் கொடுப்பது, துடைப்பது எல்லாம் தாயின் வேலை. ஊசியும் மருந்தும் நர்ஸின் வேலை. தொற்று குறைந்தது. மேலே நான் போட்ட 24 நிமிடக் கணக்குக்கு அவர் கண்ட விடை அதுதான். எட்டுக் குழந்தைகளைத் தொடும் ஒரு ஜோடிக் கைக்குப் பதிலாக, ஒரே குழந்தையை மட்டும் தொடும் எட்டு ஜோடிக் கைகள்.

ஆனாலும் நிலையாக மூச்சுவிடத் தொடங்கிய குழந்தைகளுக்கு மட்டும்தான் இது என்ற எல்லை நீண்ட காலம் இருந்தது. பிறந்த உடனே, நிலை சீராகும் முன்பே, தாயோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளைக் கொண்டு பார்த்தார்கள். இந்தியாவில் இடம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. எடை 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள். வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். உடனே சேர்த்த குழுவில் 12. செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துவைப்பது நியாயமாகாது என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரையாக்கியது.

அதற்குக் கட்டடமும் மாற வேண்டியிருந்தது. சப்தர்ஜங்கில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டார்கள். சிசேரியன் முடிந்த பெண்ணை அங்கேயே பார்த்துக்கொள்ள மகப்பேறு மருத்துவரும் உள்ளே வந்தார். குழந்தை மார்பில் இருக்கும்போதே ஆக்ஸிஜனும் டிரிப்ஸும் ஓடின. தாயும் குழந்தையும் சேர்ந்தே இருக்கும் இத்தகைய பிரிவுகளை அமைக்க மத்திய அரசும் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் நாட்டின் பெரும்பாலான வராந்தாக்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இடமில்லை என்பது ஒரு காரணம், உண்மையான காரணமும்கூட. பழகிவிட்டோம் என்பது இன்னொன்று. உங்கள் வீட்டுக் குழந்தை உள்ளே இருந்தால் தயங்காமல் கேட்கலாம்: "தாய் எப்போ உள்ள வரலாம், கங்காரு முறை எப்போ தொடங்கலாம், இந்த லைனை எப்போ எடுப்பீங்க, கல்ச்சர் ரிப்போர்ட் என்ன சொல்லுது?" இப்படிக் கேட்பதை நல்ல மருத்துவர்கள் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ஐந்து நாட்டு ஆய்வில் உடனே தாயோடு சேர்த்த குழந்தைகள் ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம் தோலோடு தோலாக இருந்தார்கள். தாய்க்கு மயக்கம் தெளியாத நேரத்திலும், அவள் சாப்பிட, குளிக்க எழுந்த நேரத்திலும், குடும்பத்தில் இன்னொருவர் சட்டையையோ ரவிக்கையையோ தளர்த்தி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அந்த ஒன்றேகால் கிலோவை நெஞ்சில் வாங்கிக்கொண்டார்.